பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு: பெட்டியை திறந்து பார்க்காமல் பணத்தை நீட்டாதீங்க!

குப்பனூர்:

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைக்கு மாற்றுப்பாதையில் போகிறவர்களுக்கு குப்பனூர் தெரிந்த ஊர். இது போன்ற அடிவார ஊர்களில் புது கம்ப்யூட்டர் வாங்க எல்லோருக்கும் வசதி கிடையாது. "பழைய பெட்டியிலேயே ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா ஓடிடும்" என்று பையன் கேட்பான், போட்டோ ஸ்டூடியோக்காரரும் நினைப்பார். நினைப்பது தப்பில்லை. ஆனால் டவுனுக்கு பஸ் ஏறிப்போய் வாங்கி வந்த கார்டு பொருந்தாவிட்டால் கார்டு காசும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

விலை ஏறியது ஏன்?

2025-ம் ஆண்டு கடைசியில் இருந்தே மெமரி சிப் விலை உலகம் முழுக்க எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகளின் ராட்சத டேட்டா சென்டர்களுக்கு சிப்புகள் மொத்தமாக போனதுதான் காரணம். மைக்ரான் நிறுவனம், சாதாரண ஜனங்களுக்கு ராம் விற்று வந்த தனது 'குருசியல்' வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு உள்ளேயும் மெமரி சிப் உண்டு. அதனால் அடி அங்கேயும் விழுகிறது. தப்பான கார்டை வாங்கி ஏமாந்தால் இப்போது நஷ்டம் பெரிசு.

முதலில் கரண்ட் கணக்கு

கார்டு செருகும் 'பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்' ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கரண்ட்தான் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் பவர் சப்ளையில் இருந்து தனி ஒயர் வர வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் அந்த ஒயரே இருக்காது.

பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாற்றம்தான். ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 6 ஜி.பி. கார்டு 70 வாட், 8 ஜி.பி. கார்டு 130 வாட். முதலாவது ஸ்லாட் கரண்டிலேயே ஓடிவிடும். இரண்டாவதுக்கு தனி ஒயர் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். தாங்காவிட்டால் கேம் ஓடும்போதே கம்ப்யூட்டர் ஆப் ஆகிவிடும்.

ஆபீஸ்களில் கழித்துக்கட்டிய ஒல்லி பெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அதற்குள் உயரம் குறைந்த 'லோ புரொபைல்' கார்டுதான் நுழையும். அதன் எஸ்.எம்.பி.எஸ். அளவும் பிளக்கும் தனி ரகமாக இருக்கும், கடையில் சுலபமாக மாற்ற முடியாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கண் முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள். 'எத்தீரியம்' டிஜிட்டல் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டில் தோண்டி எடுக்கும் முறை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. அதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் அப்போது பழைய மார்க்கெட்டில் கொட்டின. அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பாருங்கள். பேன் சத்தம் போட்டாலோ, திரையில் கோடு விழுந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜி.டி. 1030, ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. வகை கார்டுகளுக்கு புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று அறிவித்துள்ளது. இதைச் சொல்லி விலையை குறைத்துக் கேட்கலாம்.

கார்டு போட்டும் தீராத பிரச்சினை

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பிராசசர் என்றால் 8-ம் தலைமுறையாவது இருக்க வேண்டும். எவ்வளவு விலையில் கார்டு போட்டாலும் இந்த நிபந்தனை மாறாது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவே பத்து நிமிஷம், போட்டோ திறக்க ஐந்து நிமிஷம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான். அதற்கு கார்டு மருந்தில்லை, எஸ்.எஸ்.டி. போட வேண்டும். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் கார்டு மாற்ற வழியில்லை. அதில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு சேர்ந்தே இருக்கிறது.

என்ன செய்யணும்?

கரண்டை நிறுத்தி, ஒயரை கழற்றி, பெட்டியின் பக்கவாட்டு மூடியை திறங்கள். எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியிருக்கும் லேபிள், மதர்போர்டு மாடல் நம்பர், கார்டு செருகும் இடம் மூன்றையும் செல்போனில் போட்டோ எடுங்கள். இடம் எத்தனை அங்குலம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடையில் அதைக் காட்டி, "பொருந்தாவிட்டால் மாற்றித் தருவோம்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுக்கும் கடையில் காசு கொடுக்காதீர்கள்.