எல்லாத்துக்கும் விலை போடணுமா?

"வேலையையும் விட்டாச்சு, வீட்ல சும்மாதானே இருக்கே?" இந்தக் கேள்வி காதில் விழாத பெண் நம்மில் உண்டா? குழந்தைக்காகவோ, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளவோ சில வருஷம் வேலையை விட்டவர்களுக்கு இது தினசரி அர்ச்சனை!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் வேலை பார்த்தவள் நான். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். மதியம் சின்னவள் தூங்குகிற நேரத்தில், பெரியவனின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோலம் போட ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மார்கழி முழுக்கப் போட்ட கைதான். ஆனாலும் முதலில் புள்ளிகூட நேராக வரவில்லை. ஒரு மாசத்தில் இடைப்புள்ளி 15-லிருந்து 8 வரை வைத்து, நானே புதுசு புதுசாகப் பூவும் கொடியும் பின்ன ஆரம்பித்துவிட்டேன். அடுத்தவர் தைத்ததில் குறை தேடியே பழகின கண்ணுக்கு, தானாக ஒன்றை உண்டாக்கிப் பார்ப்பதில் இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

இப்போது கேள்வி மாறிவிட்டது. "இதுல என்ன வருமானம்?" என்கிறார்கள். நல்ல மனசோடு, "புத்தகமா போட்டு விக்கலாமே, யூடியூப்ல போடலாமே" என்பவர்களும் உண்டு. தேவைப்படுகிறவர்கள் தாராளமாக விற்கட்டும். உழைப்புக்குக் காசு வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் காசு வந்தால்தான் மதிப்பு, இல்லாவிட்டால் பொழுதை வீணாக்குவது என்றால் என்ன நியாயம்? வீட்டு ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிரிக்கெட் பார்த்தால், அதில் என்ன வருமானம் என்று யாராவது கேட்கிறோமா?

நம் பாட்டிமார் அரிசி மாவில் போட்ட கோலத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்? எறும்பு தின்றது போக மிச்சத்தை மறுநாள் விளக்குமாறு கூட்டித் தள்ளியது. ஆனாலும் விடாமல் போட்டார்கள். ஒரு புள்ளியும் விடாமல் சுற்றி, தொடங்கின இடத்துக்கே வந்து சேருகிற சிக்குக் கோலம் லேசுப்பட்ட கணக்கா? தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும், கோலம் போடுகிற முறையை வைத்து 1974-ல் கம்ப்யூட்டர் துறை ஆராய்ச்சிக் கட்டுரையே வெளியிட்டார்கள். பெண்கள் விடிகாலையில் குனிந்து போட்டுவிட்டு மறந்துபோகிற விஷயம்தான் அது!

பிள்ளைகள் வளர்ந்ததும் நான் மறுபடி வேலைக்குப் போவேன். அந்த நோட்டும் என் பையில் கூடவே வரும். வீட்டில் உள்ளவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தினம் அரை மணி நேரம், "காபி எங்கே, சாவி எங்கே" என்று கூப்பிடாமல் இருங்கள்.

தோழிகளே, பாட்டோ, படமோ, எம்பிராய்டரியோ, உங்களுக்குள் தூங்குவதைத் தட்டி எழுப்புங்கள். "இதனால யாருக்குப் பிரயோஜனம்?" என்று யாராவது கேட்டால், "எனக்கு!" என்று தைரியமாகச் சொல்லுங்கள். என்ன, நான் சொல்றது சரிதானே?

- ஒரு வாசகி, திருப்பூர்.