ஜோஹான்னஸ்பர்க் தெருக்களில் ஒரு பாடம்

தென்னாப்பிரிக்காவுக்குப் போய்வரும் நம்மவர்கள் சிங்கத்தையும் யானையையும் பார்த்துவிட்டு, வைரக் கடைகளில் விலை விசாரித்துவிட்டுத் திரும்புவது வழக்கம். இப்பொழுது அவர்களில் பலர் வேறொன்றையும் பார்க்க விரும்புகிறார்கள். வெள்ளையர் ஆட்சியில் நிறம் பார்த்துப் பிரித்து வைக்கப்பட்டிருந்த குடியிருப்புகளை, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு, அரை நாளோ முழு நாளோ சுற்றிப் பார்ப்பதே அது. இது தகுமா, தகாதா என்று நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். சென்ற பயணத்தில் நாமும் ஒரு நாள் முழுவதும் அவ்வாறு ஜோஹான்னஸ்பர்க் நகரைச் சுற்றி வந்தோம். ஆகவே நமது அபிப்பிராயத்தை நேயர்களுக்குத் தெரிவிப்பது கடமையாகிறது.

பிறர் பட்ட துன்பத்தைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது மனிதத் தன்மையாகுமா என்று கேட்பவர்களின் வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அதற்கு அவர்கள் அறியாத ஆதாரமும் ஒன்று உண்டு. நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த நாட்களில், ஜோஹான்னஸ்பர்க்கின் அதிகாரிகளே வெளிநாட்டு விருந்தினரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஸொவேட்டோவுக்கு அழைத்துச் சென்றார்கள். வரிசை வரிசையாகக் கட்டிய சிறு வீடுகளையும், ஒரு பள்ளிக்கூடத்தையும், ஒரு குழந்தைகள் காப்பகத்தையும் காட்டி, "பாருங்கள், கறுப்பர்களை எவ்வளவு க்ஷேமமாக வைத்திருக்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ் கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் பேசவில்லை. பேச அவர்களை யாரும் கேட்கவுமில்லை. காட்சி என்பது யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதையே சொல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆயினும், போகலாகாது என்று நாம் சொல்ல மாட்டோம். போக வேண்டும், போகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டுமென்று அறிந்து போக வேண்டும். வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு நிலத்தைக் காட்டினால் அதன் பத்திரத்தை முதலில் கேட்போம். அந்தத் தெருக்களிலும் நாம் அவ்வாறே கேட்டோம். யாரை எந்தச் சட்டம் எங்கிருந்து எங்கே துரத்தியது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பவனுக்கு அந்நகரம் திறந்த புஸ்தகம். அது இல்லாதவனுக்கு, ஏழைகள் வசிக்கும் ஒரு புறநகர் மட்டுமே தெரியும்.

பத்திரம் 1885-ம் வருஷத்தில் தொடங்குகிறது. அவ்வருஷம் டிரான்ஸ்வால் குடியரசு இயற்றிய 3-வது சட்டம், ஆசியர்களுக்கு நிலச் சொந்தம் கூடாது என்று விதித்தது. மறு வருஷத் திருத்தம், சுகாதாரத்தின் பொருட்டு, அவர்களுக்கென்று குறித்துவிட்ட தெருக்களிலும் "லொகேஷன்" என்ற ஒதுக்கிடங்களிலும் அவர்கள் குடியிருக்க வேண்டும் என்று சேர்த்தது. சுகாதாரம் என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஜோஹான்னஸ்பர்க்கில் இந்தியர்கள் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகையில் மனைகள் பெற்றிருந்த ஒதுக்கிடத்தை வெள்ளையர் "கூலி லொகேஷன்" என்று அழைத்தார்கள். முனிசிபாலிடி அங்கே சாலை போடவில்லை, விளக்கு வைக்கவில்லை, குப்பை அள்ளவில்லை. பிறகு அந்த அசுத்தத்தையே காரணம் காட்டி மனைகளைக் கையகப்படுத்தியது. நஷ்ட ஈட்டுக்காகக் குடிகளின் சார்பில் வாதாடிய வக்கீல் காந்தி. ஏறக்குறைய எழுபது வழக்குகளில் ஒன்றே ஒன்றுதான் தோற்றது என்று தமது சரிதையில் அவர் எழுதியிருக்கிறார். வழக்குகள் ஜெயித்தன, இடம் போயிற்று. 1904-ல் அங்கே பிளேக் பரவியது. காந்தியும் அவருடைய நண்பர்களும் நோயாளிகளுக்குத் தம் கையால் பணிவிடை செய்தார்கள். முனிசிபாலிடி குடிகளை வெளியேற்றி, ஒதுக்கிடத்துக்கே தீ வைத்தது. அதன் சாம்பல் மேல் எழுந்த பகுதிக்கு நியூடவுன், அதாவது புதுநகர், என்று பெயர். இன்று அங்கே நாடக சாலையும் பொருட்காட்சி சாலையும் இருக்கின்றன.

வெளியேற்றப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? நகரத்திலிருந்து பல மைல் தூரத்தில், நகரத்தின் சாக்கடை நீர் பாயும் பண்ணைக்கு அருகில், கிளிப்ஸ்புரூயிட் என்னும் இடத்தில் கூடாரங்கள் அடிக்கப்பட்டன. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் அங்கே அனுப்பப்பட்டார்கள். இந்தியர்கள் சிறிது காலத்தில் நகரத்தின் பக்கம் திரும்பினார்கள். ஆப்பிரிக்கர்களுக்குத் திரும்ப வழி விடவில்லை. அந்தக் கூடாரங்களே வளர்ந்து, மற்றக் குடியிருப்புகளோடு சேர்ந்து, 1963-ல் "தென்மேற்கு நகரியங்கள்" என்பதன் சுருக்கமாக ஸொவேட்டோ என்று பெயர் பெற்றன. உலகப் புகழ் பெற்ற அந்த நகரத்தின் வித்து, நம்மவர் குடியிருந்த ஒதுக்கிடம் எரிந்த தீயில் விழுந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இவ்விடத்தில் நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. அதே 1904-ல், பிளேக் தோன்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன், காந்தி முனிசிபாலிடியின் சுகாதார அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், இந்தியர் ஒதுக்கிடத்திலிருந்து ஆப்பிரிக்கர்களை அகற்ற வேண்டுமென்று கேட்டிருக்கிறார். பிற்காலத்து மகாத்மா வேறு. ஆனால் அன்றைய கடிதம் அழிந்துவிடவில்லை. இதைச் சொல்லுவது அவருக்கு அபசாரம் ஆகாது. சத்தியத்தை வாழ்நாள் முழுவதும் சோதித்தவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை சத்தியத்தைச் சொல்லுவதே. அன்று நம்மவர்கள் எல்லைக்கோடு கூடாது என்று சொல்லவில்லை. கோடு தங்களுக்குக் கீழே விழட்டும் என்று கேட்டார்கள். தாழ்த்தப்பட்டவன் தனக்குக் கீழே இன்னொருவனைத் தேடும் இந்த வியாதி இருக்கும் வரையில், கோடு கிழிப்பவனுக்கு வேறு சேனை தேவையில்லை.

புதுநகருக்கு அடுத்தது போர்ட்ஸ்பர்க். அங்கே ஹமீதியா மசூதிக்கு முன்னே ஓர் இரும்புக் கொப்பரையின் உருவம் ஞாபகச் சின்னமாக நிற்கிறது. 1908 ஆகஸ்டு 16-ந் தேதி இந்தியர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் இட்டுக் கொளுத்திய இடம் அது. பிராம்போன்டீன் மயானத்தில் தில்லையாடி வள்ளியம்மையும் நாகப்பனும் உறங்குகிறார்கள். 1914 பிப்ரவரி 22-ல் உயிர் நீத்த வள்ளியம்மைக்கு அப்பொழுது வயது பதினாறு. தில்லையாடி அவளுடைய பூர்விக ஊர். அவள் பிறந்ததும் மடிந்ததும் ஜோஹான்னஸ்பர்க்கில். அந்தக் கல்லின் முன்னே நிற்கும் தமிழனுக்குக் கண்ணீர் வரும். கண்ணீரோடு வழிகாட்டியிடம் விடை பெற்றுக்கொண்டு விடுதிக்குத் திரும்பிவிட்டால், நாம் பாதி நகரத்தையே பார்த்தவர்களாவோம்.

மறு பாதி ஸோபியாடவுனில் இருக்கிறது. டோபியான்ஸ்கி என்ற நிலத் தரகர் தம் மனைவியின் பெயரால் வெள்ளையருக்காகப் பிரித்த மனைகள் அவை. சாக்கடைப் பண்ணை அருகில் வந்ததால் வெள்ளையர் அவற்றை விரும்பவில்லை; கறுப்பர்களுக்கும் விற்றார். ஆப்பிரிக்கன் சொந்தப் பத்திரத்துடன் வீடு வைத்துக்கொள்ளக் கூடிய மிகச் சில இடங்களில் ஒன்றாக அது ஆயிற்று. 1955 பிப்ரவரி 9-ந் தேதி சுமார் இரண்டாயிரம் போலீஸார் அங்கே வந்து இறங்கினார்கள். சாமான்களை லாரிகளில் ஏற்றி, ஜனங்களை ஸொவேட்டோவில் உள்ள மெடோலாண்ட்ஸுக்குக் கொண்டு போனார்கள். சில வருஷங்களில் ஊர் தரைமட்டம். அதன் மேல் வெள்ளைத் தொழிலாளருக்கு வீடு கட்டி, "டிரையம்ப்" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்கு வெற்றி என்று பொருள்! பழைய பெயர் 2006-ல்தான் திரும்பி வந்தது.

தப்பிய கட்டிடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று டோபி தெருவில் இருக்கும் டாக்டர் ஸூமாவின் வீடு. ஆப்பிரிக்க தேசீய காங்கிரஸின் தலைவராக இருந்த அவர், 1947 மார்ச்சு 9-ந் தேதி, டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் தாதூவுடனும், நேட்டால் இந்தியக் காங்கிரஸின் டாக்டர் நாயக்கருடனும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து ஒரே உரிமைக்காகப் போராடுவது என்பதே அதன் சாரம். 1904-ன் கடிதத்திலிருந்து 1947-ன் ஒப்பந்தம் வரை நாற்பத்து மூன்று வருஷங்கள். கோட்டைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்பதிலிருந்து, கோடே வேண்டாம் என்பது வரை நடக்க நம்மவருக்கு இத்தனை காலம் ஆயிற்று. அந்த வீட்டு வாசலில் நின்றபொழுது, நம் நாட்டு யாத்திரிகன் ஜோஹான்னஸ்பர்க்கில் முதலில் காண வேண்டிய இடம் இதுவே என்று நமக்குத் தோன்றியது.

கூட்டுப் போராட்டத்தின் நியாயத்தை ஆட்சியாளரே நிரூபித்தார்கள். 1950-ல் வந்த இனவாரிப் பகுதிகள் சட்டம் ஆப்பிரிக்கன், இந்தியன், கலப்பினத்தவன் என்ற எல்லோரையும் பெயர்த்தது. போர்ட்ஸ்பர்க்குக்கு அடுத்த பேஜ்வியூவில் கடை வைத்துப் பிழைத்த இந்தியக் குடும்பங்களை 1970-களில் வெளியேற்றி, ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்கு அப்பால் லெனேஷியாவில் குடியேற்றினார்கள். கோடு தமக்குக் கீழே விழுந்தால் போதும் என்று எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் தலைமேலேயே அது விழுந்தது.

பிறகே ஸொவேட்டோவுக்குப் போனோம். 1976 ஜூன் 16-ந் தேதி, ஆப்பிரிக்கான்ஸ் பாஷையில் படிக்கமாட்டோம் என்று ஊர்வலம் வந்த பிள்ளைகளைப் போலீஸார் சுட்ட தெருக்களில், பன்னிரண்டு வயது ஹெக்டர் பீட்டர்ஸனின் நினைவாலயம் இருக்கிறது. விலகாஸி தெருவில் மண்டேலாவின் வீடும் டூட்டுவின் வீடும் இருக்கின்றன. யாத்திரிகர் கூட்டம் அங்கேதான். வறுமையைக் காண வந்தவர்கள் ஏமாறவும் கூடும். டாக்டர்களும் வியாபாரிகளும் வசிக்கும் நல்ல வீடுகளும், பெரிய கடைத் தொகுதியும் அங்கே உண்டு. ஆனால் அங்கே காண வேண்டியது வீடல்ல, தூரம். நகரத்துக்கும் அதற்கும் இடையே சுரங்க மண் மேடுகளும் வெற்று நிலமும் கிடக்கின்றன. அது தற்செயல் அல்ல. வெள்ளையர் நகரத்துக்கும் கறுப்பர் குடியிருப்புக்கும் நடுவே இடைவெளி வேண்டுமென்று திட்டமிட்டே விட்டது. இனவாரிப் பகுதிகள் சட்டம் 1991-ல் ரத்தாயிற்று. ஒரு சட்டத்தை ரத்துச் செய்ய ஒரு வாக்கெடுப்புப் போதும். தூரத்தை எந்தச் சபை ரத்துச் செய்யும்? விடியுமுன் எழுந்து, வாடகை வண்டிகளில் நெருங்கி உட்கார்ந்து, நகரத்துக்கு வேலைக்குப் போகிறவன் இன்றும் அந்தச் சட்டத்துக்கு வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறான். வண்டிச் சத்தம் என்று அதற்குப் பெயர்.

ஆகையால், போகிற நேயர்களுக்கு நாம் சொல்லுவது இது. ஸொவேட்டோவில் தொடங்காதீர்கள், நகரத்தின் நடுவில் தொடங்கி, துரத்தப்பட்டவர்கள் போன வழியாகவே போங்கள். கண்ணாடி மூடிய வண்டியை விட்டு இறங்கி நடவுங்கள். அந்தக் குடியிருப்பிலேயே பிறந்து வளர்ந்தவரை வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். கூலி அவர் கைக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். வாசலில் துணி உலர்த்தும் அம்மையாரைப் படம் பிடிக்கும் முன், உங்கள் வீட்டு வாசலில் அயலார் அதைச் செய்தால் பொறுப்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள். முடிவில் நீதிமன்றக் குன்றுக்குச் செல்லுங்கள். காந்தியையும் மண்டேலாவையும் அடைத்து வைத்த பழைய சிறைக்கோட்டை அது. விசாரணைக் கைதிகளின் கட்டிடத்தை இடித்த செங்கற்களை வைத்து அங்கே நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றத்தை எழுப்பி, 2004-ல் திறந்தார்கள். சிறையின் செங்கல் நீதியின் சுவரானதை வேறெங்கே காண்போம்?

பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறோம். எந்த ஊருக்கு? "கூலி லொகேஷன்"களைப் பற்றி எழுதப் புகுந்த காந்தி, நம் நாட்டில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்புகளை முதலில் நினைவூட்டிவிட்டே விஷயத்துக்கு வருகிறார். உள்நாட்டில் நாம் செய்ததை வெளிநாட்டில் நமக்குச் செய்தார்கள் என்று அவர் கண்டார். 1946-ல் தென்னாப்பிரிக்காவின் நிறபேதத்தை ஐக்கிய நாட்டுச் சபையில் எழுப்பிய பெருமை நமது தேசத்துக்கு உண்டு. 1950-ல், அங்கே கோடு கிழிக்கும் சட்டம் பிறந்த அதே வருஷத்தில், இங்கே தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனம் அமலுக்கு வந்தது. அங்கே சட்டம் போயும் கோடு நிற்கிறது. இங்கே சட்டம் வந்தும் கோடு நிற்கிறது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், நடுவே ஓடையோ வயலோ, சில இடங்களில் சுவரோ! 2025-ல் தமிழக அரசாங்கம் "காலனி" என்னும் சொல்லை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. நல்லதே. ஆனால் பெயர்ப் பலகை மாறுவது வேறு, தூரம் குறைவது வேறு என்பதை ஸோபியாடவுன் நமக்குச் சொல்லிவிட்டது.

நமது ஊர்களில் அந்தக் கோட்டைக் காட்ட வழிகாட்டி தேவையில்லை. அது எங்கே ஓடுகிறதென்று ஒவ்வொருவருக்கும் குழந்தைப் பருவம் முதல் தெரியும். வள்ளியம்மையின் கல்லறையில் மலர் வைத்துத் திரும்பும் தமிழன், தன் ஊர் எல்லையில் இருக்கும் அந்தக் கோட்டின் மேல் ஒரு நாள் நின்று, இதற்குப் பத்திரம் எங்கே என்று கேட்பானாக! அதைக் கேட்காதவன் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்தும் ஒன்றையும் பார்த்தவனாகான்.