கன்ஸ்யூமர் கோர்ட்ல தோத்துட்டீங்களா? அந்த 45 நாளை வீணாக்காதீங்க!

போன மாசம் ஐடி ரிட்டர்ன் விஷயமா 29 வயசு தம்பி ஒருத்தர் ஆபீஸுக்கு வந்தார். பேச்சுவாக்குல ஒரு விஷயம் சொன்னார். அம்மா ஆபரேஷனுக்கு 3,20,000 ரூபாய் செலவு. "சுகர் இருந்ததை மறைச்சுட்டீங்க"ன்னு இன்சூரன்ஸ் கம்பெனி கிளைமை நிராகரிச்சிருச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டு, அங்கேயும் தோத்துட்டார்.

"விட்டுடலாம்னு இருக்கேன் சார். கோர்ட்டே சொல்லிருச்சே."

நான் ஆடிட்டர், வக்கீல் இல்லை. ஆனாலும் தீர்ப்பை வாங்கிப் படிச்சேன். டிஸ்சார்ஜ் சம்மரியில "10 வருஷமா சுகர்"னு எழுதினது தவறுன்னு, சிகிச்சை பார்த்த டாக்டரே கொடுத்த கடிதம் ஃபைல்ல இருக்கு. தீர்ப்புல அதைப் பத்தி ஒரு வரிகூட இல்லை!

என் கருத்து இதுதான்: முதல் தீர்ப்பை கடைசித் தீர்ப்புன்னு நினைச்சு விட்டுடாதீங்க. அதுக்காக கோபத்துல அப்பீலும் போடாதீங்க. தீர்ப்பை ஒரு பேனாவோட உட்கார்ந்து படிங்க. நீங்க கொடுத்த எந்த ஆவணத்தைப் பார்க்கலை? பாலிசியோட எந்த நிபந்தனையைத் தப்பா எடுத்துக்கிட்டாங்க? இதுக்குப் பதில் எழுத முடிஞ்சா அப்பீலுக்கு அடிப்படை இருக்கு. எல்லாத்தையும் அலசித்தான் தீர்ப்பு சொல்லியிருக்காங்க, உங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்னா விட்டுடுங்க. வக்கீல் ஃபீஸும் லீவும் மிச்சம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி, மாவட்ட ஆணையத்தோட தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போக 45 நாள் டைம். தாமதமானா தகுந்த காரணம் காட்டணும். "ஆபீஸ்ல வேலை அதிகம் சார்"னு சொல்லிட்டுப் போய் நிக்காதீங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது. மாநில ஆணையத்துல அப்பீல் தோத்த பிறகு தேசிய ஆணையத்துக்குப் போகணும்னா, முக்கியமான சட்டக் கேள்வி ஒண்ணு இருக்கணும். "டாக்டர் கடிதத்தைப் பார்க்கலை" மாதிரியான விவரங்களை எடுத்துச் சொல்ல, நடைமுறையில மாநில ஆணையம்தான் உங்களுக்குக் கடைசி நல்ல வாய்ப்பு. அதனால அப்பீல் மனுவை அவசரத்துல, பழைய புகாரையே காப்பி பேஸ்ட் பண்ணித் தயாரிக்காதீங்க.

சரி, நீங்க ஜெயிச்சு, கம்பெனி அப்பீல் போனா? பயப்படாதீங்க. தீர்ப்புத் தொகையில 50% கட்டினாத்தான் அவங்க அப்பீலையே எடுத்துக்குவாங்க. 1986 பழைய சட்டத்துல 50% அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது போதும். இப்ப அந்தச் சலுகை இல்லை. அதனால "பாதி வாங்கிட்டு முடிச்சுக்கலாம்"னு போன் வந்தா உடனே தலையாட்டாதீங்க. அந்தப் பாதியை அவங்க ஏற்கனவே கட்டியாகணும். களைச்சுப்போய் நீங்களே இறங்கி வருவீங்கன்னு அவங்க எதிர்பார்க்கலாம். அந்தக் களைப்புக்கு நீங்க கொடுக்கிற விலை, மீதிப் பணம்.

ஆடிட்டரா ஒரு எச்சரிக்கை: அப்பீல் முடியற வரைக்கும் அந்தப் பணத்தை உங்க பட்ஜெட்ல பூஜ்யம்னே வைங்க. 90 நாள்ல முடிக்க முயற்சி பண்ணணும்னு சட்டம் சொல்லுது. ஆனா அதை நம்பி பர்சனல் லோன் எடுக்காதீங்க. எமர்ஜென்சி ஃபண்ட், இஎம்ஐ எல்லாம் அந்தப் பணம் வராதுன்னு நினைச்சே திட்டமிடுங்க.

அந்தத் தம்பி 38-வது நாள் அப்பீல் போட்டுட்டார். ரிசல்ட் என்னன்னு இப்ப யாருக்கும் தெரியாது. ஆனா டாக்டர் கடிதத்தை இந்த முறை மனுவோட முதல் பக்கத்துலயே சொல்லியிருக்கார்.

உங்க கையில அப்படி ஒரு தீர்ப்பு இருந்தா, இன்னைக்கே தேதியைப் பாருங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!