கையில் இல்லாத சேலையை விற்கலாமா?

அமேசானா, ஃபிளிப்கார்ட்டா, மீஷோவா, இல்லை வாட்ஸ்அப்பே போதுமா? காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை விற்கும் நம் குடும்பங்களில் இன்று இதுவே பேச்சு. எதில் கமிஷன் குறைவு என்று மதரஸா வாசலிலும் நம்மிடம் கேட்கிறார்கள். கமிஷனைக் கணக்கிடுவது தவறன்று. அதை முதல் கேள்வியாக வைப்பதையே நாம் மறுக்கிறோம்.

விற்கும் சேலை நம்முடையதா? மொத்த வியாபாரி அனுப்பிய படத்தின்மீது ஐந்நூறு ரூபாயை ஏற்றி ஸ்டேட்டஸில் வைக்கிறோம். பணம் வந்த பிறகே சேலையை வாங்குகிறோம். அதுவும் நம் கண்ணில் படாமலே வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடுகிறது. தம்மிடம் இல்லாத பொருளை விற்பது பற்றி ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். "ஆன்லைனில் எல்லாரும் இப்படித்தான்" என்பது இதற்குப் பதிலாகாது. வேறு வழியே இல்லை என்றால் அல்லவா சாக்குச் சொல்லலாம்? வியாபாரியின் சம்மதத்தோடு, முகவர் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கூலி பெறலாம். நிறம், அளவு, சரிகை, விலை அனைத்தையும் உறுதிசெய்து, நெய்து தருவதாக ஒப்புக்கொள்ளலாம். ஹனஃபி ஃபிக்ஹில் இஸ்திஸ்னா என்பது இதுவே.

அடுத்தது சரிகை. பொன்முலாம் பூசிய வெள்ளிச் சரிகையும், செம்புச் சரிகையும், பாலியெஸ்டர் இழையும் கைப்பேசித் திரையில் ஒன்றுபோலவே மின்னும். சில்க் மார்க் முத்திரை பட்டு அசல் என்பதற்கே சான்று. கைத்தறியா, காஞ்சியில் நெய்ததா என்று அது சொல்லாது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற பெயரை விசைத்தறிச் சேலைக்குச் சூட்டி விற்பது ஏமாற்றன்றி வேறென்ன? நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்டார்கள். அதை மறைத்த வணிகரைக் கண்டித்தார்கள். திரைக்குள் யாரும் கைவிட்டுப் பார்க்க முடியாது. பார்த்தபின் மறுக்கும் உரிமையை ஹனஃபி அறிஞர்கள் வாங்குபவருக்கு அளித்திருக்கிறார்கள். விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் சொல்கின்றன. நாமோ "ரிட்டர்ன் கிடையாது" என்று கொட்டை எழுத்தில் போடுகிறோம்!

கல்யாணத்துக்கு உடுத்திவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்களே என்பார்கள். உண்மைதான், அந்த அநியாயமும் நடக்கிறது. முந்தானையில் அகற்றினால் தெரியும்படி ஒரு சீட்டைத் தைத்து அனுப்புங்கள். பொதி கட்டுவதைக் காணொளியாக எடுத்து வையுங்கள். இவ்வளவும் செய்தபின், எதில் கமிஷன் குறைவு என்று கேளுங்கள். நாமும் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.