மரத்துக்குப் போயா இல்லை

ஏப்ரல் 13, 14 ஆகிய இரு நாட்களும் இலங்கை முழுவதும் மதுக்கடைகளுக்குப் பூட்டு. அனுமதிப்பத்திரம் பெற்ற கள்ளுத் தவறணைகளுக்கும் அதே பூட்டுத்தான். ஆனாலும் சித்திரை வருடப்பிறப்பன்று விடியற்காலை, ஊர் மருத்துநீர் வைத்து முழுகிக்கொண்டிருக்கும்போது, வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் சீவல் தொழிலாளி தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனையில் ஏறுகிறார். ஏறாமல் இருக்க முடியாது. ஓரிரு நாள் சீவாமல் விட்டால் பாளையின் வெட்டுவாய் காய்ந்து, வடிவது நின்றுவிடும். பல நாள் கட்டி, தட்டிப் பதப்படுத்திய பாளை அத்தோடு வீண்.

இறக்கிய கள்ளை அன்று எங்கே கொண்டுபோவது?

இந்தக் கேள்வியை மதுவரிச் சட்டம் கேட்டதே இல்லை. நாட்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டுக்குரியது. சாராயம், பியர், கள் மூன்றையும் அது ஒரே வேலிக்குள் அடைத்தது. பின்னால் வந்த போயா (பௌர்ணமி) தினப் பூட்டும் பண்டிகைப் பூட்டும் மூன்றுக்கும் பொதுவாகவே விழுகின்றன. காகிதத்தில் பார்த்தால் நீதியான ஏற்பாடு. நடைமுறையில் அப்படியில்லை. பியர் குடிப்பவர் 12ஆம் திகதி மாலையே நாலு போத்தலை வாங்கிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துவிடுவார். சாராயம் வருடக்கணக்கில் இருந்தாலும் கெடாது. 12ஆம் திகதிக் கள் 14ஆம் திகதி வினாகிரியாகிக்கொண்டிருக்கும். ஆகவே பூட்டு எல்லோருக்கும் ஒன்று. நட்டம் மரத்தில் முட்டி கட்டிக் கள் இறக்குபவருக்கு மட்டும்.

கள்ளின் அவசரம் எவ்வளவு என்பதைப் பியரோடு ஒப்பிட்டால் தெரியும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பியர் வடிப்பவர்கள் நத்தாருக்கென்று கறுவா, கராம்பு, சாதிக்காய், இஞ்சி, தோடம்பழத் தோல் போட்டு ஒரு பியர் வைப்பார்கள். பிரித்தானியாவில் 1963இலிருந்து வீட்டுப் பியருக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 ஒக்டோபரில் ஒப்பமிட்ட சட்டம் அதற்கு வழிவிட்டது. மால்ட் கரைசலைக் காய்ச்சி ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்து, புளிக்க இரண்டு வாரம், போத்தலில் நுரை கட்ட இன்னும் இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டால், டிசம்பர் முதலாம் திகதி தொடங்குபவர் நத்தாரைப் பிடிக்க முடியாது. மசாலாவின் காரம் அடங்கச் சிலர் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். நாள் போதவில்லை என்பதே அவர்களின் பெரிய கவலை.

பனங்கள்ளுக்கு அந்தக் கவலை தலைகீழ். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் ஏறத்தாழ 12 சதவீதம் சீனி. காற்றிலும் பழைய முட்டியின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் முதல் சொட்டிலிருந்தே வேலையைத் தொடங்கிவிடும். கீழே இறக்கும்போதே அது கள். சில மணி நேரத்தில் சாதாரண பியர் அளவுக்கு, 4 அல்லது 5 சதவீதம் மதுசாரம் ஏறிவிடும். பொழுது சாய்ந்தால் புளிப்பு. மறுநாள் அசற்றிக் அமிலம் தலைதூக்கும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் வித்தியாசத்தை, பனையோலைப் பிளாவில் வாங்கி ஒரு வாய் வைத்ததுமே தவறணைக்காரர் சொல்லிவிடுவார்.

இந்த ஓட்டத்தை நிறுத்தும் வழியையும் யாழ்ப்பாணம் நெடுங்காலமாகவே அறியும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்டுக்கு அங்கே இடமில்லை. வடிவது இனிப்பான கருப்பநீர். அதில் போதை கிடையாது. காய்ச்சினால் பனங்கட்டி. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மனிதர். முட்டியில் பூசிய ஒரு விரல் சுண்ணாம்பில் மதுவும் இனிப்பும் பிரிகின்றன. சட்டத்துக்குத் தெரியாத விடை அந்த முட்டியிலேயே இருக்கிறது.

அப்படியானால் பூட்டு நாட்களில் தொழிலாளர்கள் ஏன் சுண்ணாம்பு முட்டி கட்டுவதில்லை? கருப்பநீரை யார் வாங்குவார் என்ற உறுதி இல்லை. அதைக் காய்ச்ச விறகு வேண்டும். வீட்டில் ஒருவர் அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கள் முட்டியைச் சுண்ணாம்பு முட்டியாக மாற்றுவதற்கு வேறு முட்டி வேண்டும். இரண்டு நாளுக்காக இத்தனை செலவை ஒரு தனி மனிதர் சுமக்கமாட்டார். மிஞ்சிய கள் வேலிக்குப் பின்னால் கைமாறும், அல்லது கொட்டப்படும்.

இங்கேதான் நிறுவனங்களின் கடமை வருகிறது. நிறுவனங்களுக்குக் குறைவில்லை. தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழிலாளரை மீட்கவென்று 1972 அளவில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனம் இருக்கிறது. திக்கத்தில் வடிசாலை இருக்கிறது. மேடைகளில் பனையைக் கற்பகதரு என்று புகழாத அரசியல்வாதியும் இல்லை. மரத்தைப் புகழும் அதே ஊர், மரத்தில் ஏறியவரைச் சாதியின் பெயரால் நெடுங்காலம் முற்றத்தோடு நிறுத்திவைத்தது. அவர் இறக்கிய கள்ளுக்கு உள்வீடு வரை இடமிருந்தது. அவருக்குத் திண்ணைகூட இல்லை. இந்தச் சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் வந்ததும் சங்கங்கள் அமைந்த அந்தக் காலத்தில்தான். இந்தத் தொழிலின் கணக்கை யாரும் மரத்தடியிலிருந்து போடாததற்கு அந்தப் பழைய மனப்பான்மையும் ஒரு காரணம்.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. வடக்கில் குடி கெடுத்த குடும்பங்கள் ஏராளம். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. கள்ளும் மதுதான். இயற்கையானது, உடம்புக்குக் குளிர்மை என்று சொல்லி அதற்கு விலக்குக் கேட்பது நேர்மையாகாது. பண்டிகை நாளில் தவறணையைத் திறக்கச் சொல்லி இந்தக் கட்டுரை கேட்கவில்லை. பூட்டு இருக்கட்டும். ஆனால் பூட்டின் செலவு குறைந்த காப்புறுதியோடு மிக உயரத்தில் வேலை செய்பவரின் தலையில் விழக்கூடாது. பனையிலிருந்து விழுந்து முடமானவர்களைச் சீவல் தொழிலாளர் குடியிருப்புகளில் கேட்டுப் பார்த்தால், எந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்கும்.

செய்யக்கூடியது சிறியது. போயா தினங்களின் பட்டியல் வருடம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. சித்திரைப் பூட்டும் முன்கூட்டியே தெரிந்ததுதான். அந்த நாட்களுக்கு மட்டும் சங்கங்கள் சுண்ணாம்பு முட்டிகளைக் கொடுத்து, கருப்பநீரை முன்னறிவித்த விலைக்கு வாங்க வேண்டும். காய்ச்சும் வேலை தொழிலாளியின் வீட்டு அடுப்பில் நடக்க வேண்டியதில்லை; சங்கத்தின் கொட்டகையில் ஒரு பெரிய தாச்சி போதும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கம் சுக்கு போட்டு வார்க்கும் கருப்பட்டிக்குத் தனிக் கிராக்கி இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக் குட்டானுக்குள்ளும் சுக்கு, மிளகு, ஏலம் போகலாம். பண்டிகைக்கென்றே மசாலா சேர்ந்த ஒரு பொருள்; போதை இல்லை, பூட்டும் இல்லை. மாதக்கணக்கில் கெடாது என்பதால் ரொறொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் போகும்.

மற்ற நாட்களுக்கு இன்னொரு சின்ன விதி. தவறணையில் ஒவ்வொரு பீப்பாவிலும் கள் இறக்கிய நேரத்தைச் சோக்கட்டியால் எழுதிவைக்கட்டும். காலைக் கள்ளோடு நேற்றைய மிச்சத்தைக் கலப்பவருக்கு அது இடைஞ்சல். நேர்மையாக இறக்குபவருக்கு அதுவே விளம்பரம்.

இவை எதற்கும் புதிய சட்டம் வேண்டாம். மதுவரித் திணைக்களமும் பனை அபிவிருத்திச் சபையும் சங்கங்களும் தை மாதத்தில் ஒருநாள் கைதடியில் ஒரே மேசையில் இருந்தால் போதும். பங்குனி முடிவதற்குள் கருப்பநீரின் விலை அறிவிக்கப்பட வேண்டும். அதற்குப் பிறகு அறிவித்தால், முட்டி ஏற்கனவே மரத்தில் ஏறியிருக்கும்.