நெடுந்தீவுப் படகில் ஓர் இடம்

யாழ்ப்பாணம் போகும் நண்பர்கள், "நெடுந்தீவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். பார்க்கலாம். ஆனால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நான் போனபோது பஸ்ஸில் புங்குடுதீவைக் கடந்து குறிகாட்டுவான் துறைக்குப் போய், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகுப் பயணம். முந்திக்கொண்டு ஏறி ஓர் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். எதிரில் ஒரு பாட்டி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறவர், மருந்துப் பையோடு நின்றுகொண்டிருந்தார். பாரிசிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த ஒரு சிறுவன் தகப்பனிடம் பிரெஞ்சில் கேட்டான்: "இது இவர்கள் ஊர்ப் படகுதானே? பாட்டி ஏன் நிற்கிறார்?" யாருக்கும் புரியாது என்று நினைத்திருப்பான். பள்ளிப் படிப்பையே பிரெஞ்சில் படித்த எனக்குச் சுருக்கென்றது. எழுந்தேன். "பரவாயில்லை ஐயா, எங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார் பாட்டி. அந்தப் 'பழகிப்போச்சு'தான் இன்னும் உறுத்துகிறது.

தீவில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தேன். மேயும் காட்டுக் குதிரைகள், பருத்த பெருக்குமரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு, சாந்தில்லாமல் பவளக்கல் அடுக்கிய வேலிகள். பனையையும் குடிதண்ணீருக்கான பாட்டையும் பார்த்தபோது நம் திருச்சுழிக் கோடைதான் நினைவுக்கு வந்தது.

நமக்கு அது உல்லாசப் படகு. அவர்களுக்கு அதுதான் சாலை, அதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி. 1985 மே 15 அன்று 'குமுதினி' படகில் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் படகேறித்தான் ஆகவேண்டியிருந்தது.

சுற்றுலாவால் அவர்களுக்கும் நாலு காசு கிடைக்கிறதே என்பீர்கள். உண்மைதான். ஆட்டோக்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும் கிடைக்கிறது. மருந்துப் பையோடு நிற்கும் பாட்டிக்கு அதனால் இடம் கிடைத்துவிடாது.

ஆகவே, போகிறவர்கள் ஊர்க்காரர்கள் ஏறிய பிறகு ஏறுங்கள். குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். படகில் இடமில்லையென்றால் நயினாதீவைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். படகு தவறினால் நமக்குப் போவது ஒரு நாள் வேடிக்கை. அந்தப் பாட்டிக்கு, அன்றிரவு தன் வீட்டில் படுக்க முடியாது.