மீதி வேலை யார் கையில்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பொறுப்பில் இருக்கும் யாருடைய போனை வேண்டுமானாலும் வாங்கிப் பாருங்கள். புரொடக்‌ஷனுக்கு ஒரு குரூப், மெயின்டனன்ஸுக்கு ஒன்று, டிஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், சேஃப்டி, கான்ட்ராக்டர்கள், கம்பெனி பஸ் என்று தனித்தனியாக இருக்கும். ஒடிசா, பீகார் தொழிலாளர்கள் இந்தியில் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ் வேறு. காலை ஷிப்டுக்கு வருகிறவர் ரயில் பொன்னேரியைத் தாண்டுவதற்குள் இத்தனையையும் புரட்டியாக வேண்டும்.

புரட்டியும் விடுகிறார். சிக்கல் அதற்குப் பிறகுதான். "மூணாம் கன்வேயர் பேரிங்ல சத்தம் வருது, பாத்துக்குங்க" என்று நைட் ஷிப்டில் ஒருவர் போட்டிருப்பார். அதற்கு நாலு தம்ஸ்-அப். அடுத்து ஒரு பிறந்தநாள் வாழ்த்து, கேக் படம், வரிசையாக நன்றிகள். மெசேஜை நாலு பேர் பார்த்தார்கள், சரி. பேரிங்கை யார் பார்த்தது? படித்த மாத்திரத்தில் அந்தச் செய்தி கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் சும்மா இருக்கவில்லை. பல குரூப்களை ஒன்றாகத் தொகுக்கும் கம்யூனிட்டி வசதி 2022 நவம்பரில் வந்தது. படிக்காதவற்றை மட்டும் பிரித்துக் காட்டும் ஃபில்டர் 2024 ஏப்ரலில் வந்தது. உபயோகமானவைதான். ஆனால் எதைப் படிக்கவில்லை என்றுதான் அவை சொல்கின்றன; எது முடியவில்லை என்று தெரிந்தால்தான் ஆலை ஓடும்.

அதைச் சொல்ல ஷிப்ட் லாக் புக் இருக்கிறது. நேரம், மெஷின், கோளாறு, பார்த்தவர், மீதி வேலை என்று கோடு போட்ட கட்டங்கள், ஓரமெல்லாம் கிரீஸ் கைரேகை. மீதி வேலையைப் படித்துவிட்டு அடுத்த ஷிப்ட்காரர் கீழே கையெழுத்துப் போடுவார். அந்த நொடியில் அந்த வேலைக்கு ஓர் ஆள் வந்துவிடுகிறார்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்த தகவல் இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்ட முற்பட்டார்கள். வெடிப்பிலும் தீயிலும் 167 பேர் செத்துப்போனார்கள். அங்கே இருந்ததும் காகிதம்தான். கைமாற்றிக் கொடுக்கும் முறைதான் கோட்டை விட்டது.

ஜூலிப் என்றொரு செயலி இருக்கிறது. அதில் உரையாடல்கள் தலைப்புவாரியாகப் பிரிந்து நிற்கும். பேரிங் பேச்சுக்குள் கேக் படம் வராது. விஷயம் முடிந்ததும் தலைப்புக்கு முன்னால் டிக் போட்டு மூடலாம். நான் பார்த்தவற்றில் இந்த யோசனைதான் லாக் புக்குக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கையுறையைக் கழற்றித் தலைப்பு டைப் செய்ய ஷாப் ஃப்ளோரில் யாருக்கு நேரம்? அங்கே மெஷினின் படத்தைத் தொட்டு, அவரவர் மொழியில் பேசினால் போதும் என்றிருக்க வேண்டும். "நான் எடுத்துக்கிறேன்" என்று ஒரு பட்டன் வேண்டும். ஷிப்ட் முடிந்தாலும், அடுத்தவர் அதை அழுத்தி வாங்கிக்கொள்ளும் வரை வேலை முதல் ஆளின் பெயரிலேயே நிற்க வேண்டும்.

2021-இல் அரட்டை செயலியைக் கொண்டுவந்த ஸோஹோ கூடுவாஞ்சேரிப் பக்கம்தான் இருக்கிறது. அதை வடிவமைப்பவர்கள் ஒரு ராத்திரி இங்கே வந்து ஷிப்ட் மாறும்போது நின்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்று வரும்வரை, தம்ஸ்-அப் போடுகிற நாலு பேரில் ஒருவராவது "நான் பாக்குறேன்" என்று எழுதுங்கள். லாக் புக்கையும் நிறுத்திவிடாதீர்கள்.